முப்பத்தொன்றாம் எண் படகு கரை சேர்ந்த நேரம்

காத்திருப்பது எனக்குப் பழக்கமான காரியம். முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு, வாய்மொழித் தேர்வு நாளை எதிர்பார்த்துப் பத்தொன்பது மாதங்கள் இருந்தவன் நான். அந்தப் பத்தொன்பது மாதங்களில் ஒருமுறைகூட எவருக்கும் நினைவூட்டுக் கடிதம் எழுதவில்லை. ஆகவே என்னுடைய பொறுமையின்மைதான் இந்த நிகழ்வுக்குக் காரணம் என்று உங்கள் விசாரணைக் குழுவின் முதல் அறிக்கை கூறுவதை, ஐயா, பணிவுடன் மறுக்க வேண்டியிருக்கிறது. மற்றபடி அறிக்கையில் உள்ள தகவல்கள் சரியானவை. அவற்றை வாசித்த முறையில்தான் குறை இருக்கிறது. அதனால் நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் வெற்றிவேல். ஆய்வுத் தலைப்பு, ‘நவீனத் தமிழ்ச் சிறுகதையில் முடிவின்மை’. கதையை ஆசிரியர் முடிக்காமல் விடும்போது வாசகன் அதைத் தன் பொறுப்பில் முடித்துக்கொள்கிறான், அவ்வாறு முடிக்கும் உரிமை அவனுக்கு உண்டு என்பது என் வாதம். இந்த வாதத்திற்கு வேலைவாய்ப்பு குறைவு. எனவே 2007 சனவரியில், முத்தியால்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய இணையதள நிறுவனத்தில் சேர்ந்தேன். உரிமையாளர் தட்சிணாமூர்த்தி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பதால் அவரை நாங்கள் பிரெஞ்சில் ‘ஐயா’ என்று பொருள்படும் ‘மிசே’ என்றே அழைப்போம். புரோகிராம் எழுதுபவர் சிவசங்கரி. தளங்களில் இடம்பெறும் எழுத்துக்கு நான் பொறுப்பு. ஆறே மாதத்தில் புத்தகம் வாங்கிப் படித்து, புரோகிராமையும் ஓரளவு கற்றுக்கொண்டேன். எந்தப் பனுவலையும் வாசிக்கத் தெரிந்தவனுக்கு இதுவும் வாசிக்க வரும் என்று அப்போது நினைத்தேன். அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளப் போதிய காரணம் இதுவரை கிடைக்கவில்லை.

ஊருக்கு வடக்கே உள்ள ஒரு குப்பத்தின் மீனவர் சங்கத்துக்காக நாங்கள் ஒரு தளம் செய்திருந்தோம். படகு கிளம்பும்போது கரையிலுள்ள கொட்டகையில் அன்புசெல்வி என்ற பெண் அதன் எண்ணைப் பதிவார். திரும்பியதும் வந்த நேரத்தையும் மீனின் வகையையும் எடையையும் பதிவார். கடலில் உள்ள படகுகள் மட்டும் முகப்புப் பக்கத்தில் வரிசையாகத் தெரியும். வழக்கமான நேரத்தைத் தாண்டியும் ஒரு படகு வராவிட்டால் அந்த வரி சிவப்பாகும். சிவப்பைக் கண்டால் குப்பத்தில் இரண்டு படகுகளுக்கு டீசல் ஊற்றித் தேடப் போவார்கள். மே மாதத்திலிருந்து இது ஒழுங்காக நடந்துவந்தது.

இதில் ஒரு வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் நாங்கள் தயாரித்த படிவத்தில் ‘எதிர்பார்க்கும் வருகை நேரம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. சங்கக் கூட்டத்தில் அம்மாவாசை என்பவர் எழுந்தார். முப்பத்தொன்றாம் எண் படகுக்காரர், அன்புசெல்வியின் தகப்பனார்.

“கெளம்புற ஆளப் பார்த்து எப்ப வருவேன்னு கேக்கறதா? எங்க வூட்டுப் பொம்பளைங்களே கேக்க மாட்டாங்க. உங்க பொட்டி கேக்குதா?”

கூட்டம் சிரித்தது. அவர் மனைவி பூவாயி, “நான் கேட்டா மட்டும் சொல்லிடுவாரா?” என்றதும் சிரிப்பு இன்னும் பெரிதானது.

“சரிங்கண்ணா, பொட்டி கேக்காது,” என்றார் சிவசங்கரி. “அதுவா கணக்குப் போட்டுக்கும்.”

அந்தக் கணக்கை அவர் எழுதினார். கடலில் உள்ள ஒவ்வொரு படகையும் எடுத்து, அதன் முந்தைய நாற்பது பயணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்த மாதம், எந்த வலை என்று ஒப்பிட்டு, இன்று எத்தனை மணிக்கு வந்திருக்க வேண்டும் என்று தானாகவே கணித்துக்கொள்ளும் பகுதி அது. அதற்கு அவர் வைத்த பெயர் ‘திரும்பாதவை’. பெயர் வைப்பதில் அவருக்கு நல்ல ரசனை உண்டு என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அக்டோபரில் தளத்தைப் புதுப்பித்து முறைப்படி திறந்துவைப்பது என்று முடிவாயிற்று. புதிய வடிவத்தில், படகுகளின் வரிசைக்கு மேலே, ‘அலையும் அர்த்தமும்’ என்ற தலைப்பில் நான் எழுதிய ஆயிரத்து நானூறு சொற்கள் கொண்ட முன்னுரை இருந்தது. பழைய வடிவத்தில் அது இல்லை. கடற்கரைச் சாலையிலுள்ள ஒரு மண்டபத்தில் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விழா. அழைப்பிதழில் மிசே பொன்னிற எழுத்தில் ஒரு வரி அச்சிட்டிருந்தார்: ‘கடலின் நிலை, இரண்டே நொடியில்.’

புதன்கிழமை காலை புதிய பக்கத்தை என் கணினியில் திறந்து காட்டினேன். வெளியுலகத்துக்குத் தெரியாமல் ஒரு தளத்தைச் சோதிக்க வேண்டுமென்றால், நம் கணினியையே ஒரு சர்வராக நடிக்கவைக்கலாம். அதை லோக்கல் சர்வர் என்பார்கள். பக்கம் திறக்க இருபத்துமூன்று நொடிகள் ஆயின. மிசே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

“பத்திரிகையில ரெண்டுன்னு போட்டாச்சு, வெற்றி. இருவத்திமூணுன்னு சீட்டு ஒட்டி அனுப்பட்டுமா? வீத், வீத்!”

வீத் என்றால் சீக்கிரம். அவர் வீட்டில் பாலுக்கும் பேப்பருக்கும் அந்தச் சொல்தான்.

சிவசங்கரி அன்று விடுப்பில் இருந்தார். ஊரின் இன்னொரு கோடியிலுள்ள கதிர்காமத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த மாமியாருக்குத் துணையாக இருக்கப் போயிருந்தார். போகுமுன் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: “உன் மிஷின்ல எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பார்த்துப் பயப்படாத. பதிவேட்ட ஒரு காப்பி எடுத்துக்கோ. எந்தப் பதிவேட்டப் பாக்கணும்னு ஒரு வரி இருக்கும் பாரு, அத காப்பிக்கு மாத்திடு. அப்புறம் எத வேணா நோண்டு.”

அவர் சொன்ன இரண்டு வேலைகளில் முதலாவது நகல் எடுப்பது. அதை முழுமையாகச் செய்தேன். நீங்கள் கைப்பற்றிய கணினியில் அந்த நகல் இருக்கிறது. ஒரு புள்ளிகூட மாறாமல் இருப்பதை உங்கள் நிபுணரும் உறுதி செய்திருக்கிறார்.

அடுத்து, புரொஃபைலர் என்ற கருவியை இயக்கினேன். புரோகிராமின் ஒவ்வொரு பகுதியும் எத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பட்டியலிட்டுத் தரும் கருவி அது. எட்டு ஆண்டுகளாக விமர்சனம் படிக்கிறேன். இத்தனை நேர்மையான விமர்சனத்தை நான் கண்டதில்லை. இது நன்று, இது தீது என்று அது சொல்லவில்லை. எங்கே நேரம் போகிறது என்று மட்டும் சொன்னது. மொத்தம் 23.3 நொடி. அதில் ‘திரும்பாதவை’ மட்டும் 22.4. என் முன்னுரைக்கு 0.04 நொடிதான் ஆகியிருந்தது. அதைக் கண்டு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க வேண்டிய அவசியமில்லை.

வியாழக்கிழமை முழுவதும் அளந்தேன். காலையில் எல்லாப் படகுகளும் கரையில் இருந்தபோது பக்கம் 0.9 நொடியில் திறந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் ஒவ்வொரு படகாகக் கிளம்பக் கிளம்ப, படகுக்கு 5.6 நொடி வீதம் கூடியது. இந்த அட்டவணையை அழகாகக் கோடு போட்டு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். அதிலிருந்து நான் எட்டிய முடிவு எளிமையானது. பக்கத்தில் குறையில்லை, என் எழுத்திலும் குறையில்லை. தாமதம் முழுவதும் கடலில் இருந்து வருகிறது. முடிவு எழுதப்படாத ஒவ்வொரு பதிவும் 5.6 நொடி கேட்கிறது. முடிவின்மையின் விலையை இவ்வளவு துல்லியமாக யாரும் அளந்ததில்லை. இதை ஒரு கட்டுரையாக எழுதலாம் என்றுகூடக் குறிப்பு எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கெல்லாம் எல்லாப் படகுகளும் திரும்பிவிட்டன, முப்பத்தொன்றைத் தவிர. அதில் அம்மாவாசை, அவர் மகன் பாலாஜி, மண்ணாங்கட்டி என்ற உறவினர் ஆக மூவர். வரி சிவப்பாகியிருந்தது. பக்கம் 6.5 நொடியில் திறந்தது. விழாவில் என் கணினியைத்தான் கொண்டுபோய் வைப்பதாக ஏற்பாடு. ஒன்பது மணிக்கு மிசே வந்து கேட்டார்.

“எவ்ளோ?”

“ஆறரை.”

“எதனால?”

“ஒரு படகு இன்னும் வரல, மிசே.”

“ஒரே ஒரு படகா?” என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சரி, பாரு. வீத்.”

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. அவரை இதில் இழுக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

9.12 மணிக்கு முப்பத்தொன்றாம் எண் படகுக்கு வருகை நேரம் பதிந்தேன். காலை 6.40. நேரத்தை நான் மனம்போன போக்கில் இடவில்லை. அந்தப் படகின் கடந்த நாற்பது வருகைகளின் சராசரி 6.38. சிவசங்கரியின் கணக்கிலிருந்தே அதை எடுத்து, இரண்டு நிமிடம் கூட்டிச் சீராக்கினேன். மீன் வகை, எடை ஆகிய கட்டங்களை நிரப்பாவிட்டால் படிவம் ஏற்காது. வெறுங்கையுடன் திரும்பினார்கள் என்று எழுதினால் நம்பகத்தன்மை குறையும் என்று தோன்றியது. ‘சங்கரா, 40 கிலோ’ என்று இட்டேன். பக்கம் 0.9 நொடியில் திறந்தது.

என் அறையில், என் மேசையில், என் கணினியில் நான் ஒரு கதையை முடித்துக்கொண்டேன். இதைத்தான் குழு ‘பதிவேட்டுத் திருத்தம்’ என்கிறது.

9.50 மணிக்கு அன்புசெல்வியிடமிருந்து போன் வந்தது.

“சார், முப்பத்தொண்ணு கரை சேந்துடுச்சுன்னு காட்டுது. இங்க வரலியே. வேற எந்தக் கரையிலனா ஏறினாங்களா?”

பக்கத்துக் கரைகளில் ஏறும் படகுகளை அங்குள்ளவர்கள் போனில் சொல்ல, எங்கள் அலுவலகத்தில் பதிவதும் உண்டு. எனவே அவருடைய ஊகம் நியாயமானது.

“பதிவுல இருக்குதுல்ல,” என்றேன்.

“இருக்குது சார். ஆனா நாப்பது கிலோ சங்கரான்னு போட்டிருக்குது. அப்பா வஞ்சிர வலைதான சார் எடுத்துனு போனாரு?”

ஐயா, அது தேர்ந்த வாசகர் எழுப்பும் கேள்வி. பனுவலின் உள்முரணை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். என் வாய்மொழித் தேர்வில் இருந்த மூன்று பேராசிரியர்களிடமும் அந்தக் கூர்மையை நான் காணவில்லை. மனதுக்குள் அவரைப் பாராட்டினேன்.

“கடல்ல எது மாட்டும்னு யாருக்கும்மா தெரியும்?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “அதுவும் சரிதான். வஞ்சிரம்னு ஒரு வாரமா பீத்திக்கிட்டாரு. வரட்டும், இருக்குது அவருக்கு. டீசல் ஊத்திட்டாங்க சார், நான் போயி வேணாம்னு சொல்றேன். அம்மா வேற விழாவுக்குக் கெளம்பி நிக்குது, எதையும் சொல்லாம வெச்சிருந்தேன்.”

தேடக் கிளம்பிய இரண்டு படகுகளும் பத்து மணிக்குத் திரும்ப மணலில் ஏற்றப்பட்டன. இது எனக்குப் பிறகு தெரிந்தது. அதாவது, அவர் சொன்னபோதே தெரிந்தது.

10.35 மணிக்குக் கதிர்காமத்திலிருந்து சிவசங்கரி அழைத்தார். சிவப்பு வரி நீங்கினால் அவருடைய கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். மாமியாரை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்ததால் தாமதமாகப் பார்த்திருக்கிறார்.

“முப்பத்தொண்ண மூடினது யாரு? நம்ம ஆபீஸ் மிஷின்ல இருந்துன்னு வருது.”

“நான்தான். சோதனைக்காக. காப்பியில.”

“காப்பியில மூடினா எனக்கு எப்படி மெசேஜ் வரும்? நீ அந்த வரிய மாத்தலியா? வெற்றி, அது நெஜப் பதிவேடு. கொட்டகையில அன்பு அதத்தான் பாத்துட்டிருப்பா.” குரல் மாறியது. “உன் பக்கம் மெதுவா வர்றதும் அதனாலதான். பதிவேடு இருக்கற சர்வர் அமெரிக்காவுல இருக்குது. ஒரு படகுக்கு நாப்பது பயணம்னா நாப்பது தடவ கேள்வி இங்கருந்து அங்க போயி பதில் வருது. பக்கத்த அந்த சர்வர்லயே ஏத்திட்டா ஒரு நொடிகூட ஆவாது. உடனே தெற. அன்புக்குப் போன் பண்ணு.”

“சரி, தெறந்துட்டேன்,” என்றேன்.

“அன்புக்கு?”

“சொல்லிடறேன்.”

அது உண்மையான பதிவேடு என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று முதல் வாக்குமூலத்தில் எழுதியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். என் மேசையில் உறங்கும் ஒரு நகலுக்கு, வியாழக்கிழமை பிற்பகல் எந்தப் படகு கிளம்புகிறது என்று தெரிய வழியில்லை. ஆனால் என் அட்டவணையில் படகுகள் ஒவ்வொன்றாகக் கூடியிருக்கின்றன. அதை நான் கவனித்தேன். நோட்டின் ஓரத்தில் ‘சுவாரசியம்’ என்று குறித்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிவசங்கரி சொன்ன வரியை மாற்றியிருந்தால் பக்கத்தில் பழைய படகுகளே நின்றிருக்கும். உயிருள்ள பனுவலை வாசித்துப் பழகியவனுக்கு அது சலிப்பாக இருந்திருக்கும்.

இட்ட வருகை நேரத்தை நீக்கிப் பதிவைத் திறப்பது ஒரு சொடுக்கு வேலை. பழைய பக்கத்தையே விழாவில் காட்டியிருக்கலாம், அது வேகமாகத்தான் இயங்கியது. ஆனால் அதில் முன்னுரை இல்லை. புதிய பக்கத்தை அந்த சர்வரில் ஏற்றச் சிவசங்கரி இல்லை. திறந்தால் ஆறரை நொடி. விழாவுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம்தான் இருந்தது. விழா முடிந்ததும் திறந்துவிடலாம், அதற்குள் படகே வந்துவிடவும் கூடும் என்று முடிவு செய்தேன். இது பொறுமையின்மை அல்ல என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

சிறப்பு விருந்தினர் பன்னிரண்டேகாலுக்கு வந்தார். முதல் வரிசையில் குப்பத்துப் பெண்களை உட்காரவைத்திருந்தார்கள். நடுவில் பூவாயி, மடிப்புக் கலையாத பச்சைப் புடவையில். சங்கத்தின் சார்பில் பொன்னாடை போர்த்த அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போர்த்தினார். விருந்தினர் சொடுக்கினார். கூட்டம் “ஒண்ணு” என்று எண்ணத் தொடங்கி முடிப்பதற்குள் பக்கம் விரிந்தது. ‘கடலில் உள்ள படகுகள்: 0’ என்று திரையில் பெரிதாக வந்தது. கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. பூவாயியும் தட்டினார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “எல்லாம் வந்துட்டாங்களாம்டி, பொட்டியே சொல்லுது,” என்றார். என் முன்னுரையின் முதல் பத்தியை விருந்தினர் வாசித்தார். ‘நங்கூரமற்ற’ என்ற சொல்லில் சற்றுத் தடுமாறினார்.

சாப்பாடு முடிந்து 1.25 மணிக்குப் பதிவைத் திறந்தேன். கொட்டகையில் வரி மீண்டும் சிவப்பாயிற்று. அன்புசெல்வி என்னை அழைத்தார். கை கழுவிக்கொண்டிருந்ததால் எடுக்க முடியவில்லை. இரண்டு மணிக்குப் படகுகள் கிளம்பின. மாலை நான்கே காலுக்குக் கவிழ்ந்து கிடந்த படகையும், அதைப் பிடித்தபடி இருந்த பாலாஜியையும் கண்டுபிடித்தார்கள். மற்ற இருவரும் மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கரைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

பாலாஜியின் வாக்குமூலத்தை வாசிக்கத் தந்ததற்கு நன்றி. சுருக்கமான, மிகையற்ற நடை. விடியற்காலை ஐந்து மணிக்குப் படகு கவிழ்ந்ததாகச் சொல்கிறார். மண்ணாங்கட்டி பதினோரு மணிவாக்கில் கையை விட்டுவிட்டாராம். அம்மாவாசை உச்சிப்பொழுது தாண்டியும் பேசிக்கொண்டிருந்தாராம். அவர் கடைசியாகத் திரும்பத் திரும்பச் சொன்னது இது: “பொட்டில செவப்பு வந்திருக்கும்டா. வந்துடுவானுங்க. புடிச்சுக்கோ.”

பத்து மணிக்கு அந்த இரண்டு படகுகளும் போயிருந்தால் பன்னிரண்டேகாலுக்கு, அதாவது விருந்தினர் மண்டபத்துக்குள் நுழைந்த நேரத்துக்கு, கவிழ்ந்த படகை எட்டியிருக்கும் என்று உங்கள் அறிக்கை கணக்கிடுகிறது. கணக்கு சரி. 10.35 முதல் 1.25 வரை, அது உண்மையான பதிவேடு என்றும், மூவர் கடலில் இருக்கிறார்கள் என்றும், தேடுபவர்கள் என் பதிவை நம்பித் திரும்பிவிட்டார்கள் என்றும் தெரிந்தே நான் அதைத் திறக்கவில்லை. இதை மறுக்கவில்லை. உங்கள் நிபுணர் புதிய பக்கத்தை அந்த சர்வரில் ஏற்றி, நான்கு படகுகள் கடலில் இருக்கும்போது அளந்தாராம், 0.9 நொடியில் திறந்ததாம். அந்த அளவை நான் எடுக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவுமில்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள். முப்பத்தொன்றாம் எண் படகின் பதிவு இன்றுவரை திறந்தே கிடக்கிறது. அன்புசெல்வி வருகை நேரம் பதிய மறுக்கிறார். சங்கத்தில் எவரும் அதைத் தொடுவதில்லை என்று கேள்வி. இது பதிவேட்டுக்கு நல்லதல்ல. கரைக்குக் கொண்டுவந்த நேரம் நமக்கு உறுதியாகத் தெரியும் என்பதால் சனிக்கிழமை மாலை ஐந்து மணி என்று இட்டு அதை முடித்துவைக்க அனுமதி தந்தால் நானே செய்து தருகிறேன். படிவம் ஏற்க வேண்டுமென்றால் மீன் வகை, எடை ஆகிய கட்டங்களில் என்ன இடுவது என்பதை மட்டும் குழு தெரிவிக்க வேண்டும். அதுவரை என் கணினியில் அந்தப் பக்கம் ஆறரை நொடி எடுத்துக்கொள்ளட்டும். அது அப்படியொன்றும் நீண்ட நேரமல்ல. என்னால் காத்திருக்க முடியும்.